பைபிள்ல பேய் இருக்கா? இருக்கு, ஆனா கதை அது பத்தி இல்ல

போன வாரம் சுங்கை சிப்புட் டவுன்ல ஒட்டுக்கடையில உக்காந்து தே தாரே குடிச்சிட்டிருந்தேன், பக்கத்து மேஜையில ஒரு அண்ணன், செம்பனை லோரி ஓட்டறவரு, திடீர்னு என் பக்கம் திரும்பி "தம்பி, நீ சர்ச்சுக்குப் போற ஆளுதானே, உங்க பைபிள்ல பேய் இருக்கா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லு"ன்னாரு. இருக்குண்ணேன்னு சொன்னேன். "அப்போ போந்தியானாக்?"னு, மலாய்க் கதையில வர்ற பொம்பளைப் பேயைப் பத்திக் கேட்டாரு. அதுக்கு பதில் சொல்றதுக்குள்ள அவருக்கு போன் வந்துருச்சு, குலை ஏத்தணும்னு ஓடிட்டாரு, என் பதில் தொண்டையிலயே நின்னுருச்சு, அதைத்தான் இங்க எழுதறேன்.

முதல்லயே சொல்லிடறேன், நான் பாஸ்டர் இல்ல, இறையியல் எல்லாம் படிக்கல. ஞாயித்துக்கிழமை சின்னப் பசங்க கிளாஸ் எடுக்கறேன், அவ்ளோதான். பத்து பன்னெண்டு வயசுப் பசங்க கேக்கற கேள்வியில பாதிக்கு மேல பேய் கேள்வி, மீதி தேவதூதனுக்கு றெக்கை இருக்கா இல்லையாங்கற கேள்வி. இரக்கம்னா என்னன்னு ஒரு பையன்கூட கேட்டதில்ல. ஏன் கேக்கணும், அது தெரிஞ்ச வார்த்தைதானேன்னு நெனைக்கிறாங்க. ஆனா நான் வருஷக்கணக்கா இந்தக் கதைகளைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக் கொடுத்ததுல ஒண்ணு கவனிச்சேன், பைபிள்ல தூதனோ பிசாசோ வர்ற எடத்துல எல்லாம் கொஞ்சம் தள்ளி ஒரு பாவப்பட்ட ஆளு நிப்பான், கதை அந்த ஆளுக்கு என்ன ஆச்சுங்கறது பத்தித்தான் இருக்கும். நாம அந்த ஆளை விட்டுட்டு றெக்கையையும் கொம்பையும் பாத்துட்டிருக்கோம்.

சரி, தூதன்ல ஆரம்பிப்போம். தமிழ் பைபிள்ல 'தேவதூதன்'னு இருக்கும், கத்தோலிக்கக்காரங்க 'வானதூதர்'னு சொல்வாங்க, பழைய ஆளுங்க 'சம்மனசு'ன்னும் சொல்வாங்க. எபிரேயத்துல 'மலாக்', கிரேக்கத்துல 'ஆங்கெலோஸ்', ரெண்டுக்கும் ஒரே அர்த்தம், சேதி கொண்டு வர்றவன். நம்ம ஊரு ஸ்கூல்ல படிச்ச யாருக்கும் இது புதுசு இல்ல, மலாய்ல 'மலாயிக்காட்'னு சொல்றாங்களே, அது அரபியில இருந்து வந்த சொல்லு, எபிரேய 'மலாக்'குக்கு பங்காளி முறை. அதாவது தூதன்ங்கறது ஒரு வேலையோட பேரு. தோட்டத்துல ஆபீஸ் சேதியைக் கொண்டுக்கிட்டு லயத்துக்கு ஒரு ஆளு வருவாரு பாருங்க, அந்த மாதிரி. சேதி யாரோடதுங்கறதுதான் முக்கியம், கொண்டு வர்றவரோட சட்டை என்ன கலர்ங்கறது இல்ல.

றெக்கை விஷயம் சீக்கிரம் முடிச்சிருவோம். ஏசாயா 6ஆம் அதிகாரத்துல சேராபீன்களுக்கு ஆறு ஆறு செட்டை, எசேக்கியேல் பாத்த கேருபீன்களுக்கு நாலு முகம் வேற, அதெல்லாம் கடவுளோட சிம்மாசனத்துக்குப் பக்கத்துல இருக்கறவங்க. பூமிக்குச் சேதி கொண்டு வர்ற தூதருங்க பெரும்பாலும் மனுஷங்க மாதிரியேதான் வர்றாங்க, ஆபிரகாம் வீட்டுக்கு மத்தியான வெயில்ல வந்த மூணு பேருக்கும் அவரு கால் கழுவ தண்ணி கொடுத்து சாப்பாடு போட்டாரு, அவரு பாத்தது மூணு ஆம்பளைங்கன்னுதான் எழுதியிருக்கு. அதனாலதான் எபிரேயர் 13:2ல அந்நியரை உபசரிக்க மறக்காதீங்க, சில பேரு தெரியாமலே தேவதூதரை உபசரிச்சிருக்காங்கன்னு வருது. பேரு சொல்லப்பட்ட நல்ல தூதருங்க ரொம்பக் கம்மி. 66 புஸ்தகம் உள்ள புரோட்டஸ்டண்டு பைபிள்ல மிகாவேல், காபிரியேல் ரெண்டே பேருதான், 73 புஸ்தகம் உள்ள கத்தோலிக்க பைபிள்ல தோபித்து புஸ்தகம் இருக்கறதால இரபேலும் சேந்து மூணு. கத்தோலிக்க சர்ச்சுல மூணு பேருக்கும் சேத்து செப்டம்பர் 29 திருநாள். தோபித்து கதையில இரபேல் ஒரு பையனோட வழித்துணையா மனுஷ வேஷத்துல நடந்து போறாரு, கூடவே அந்த வீட்டு நாயும் போகுது, அந்த நாய்க்கு கதையில ஒரு வேலையும் இல்ல, சும்மா போகுது, எனக்கு அது ரொம்பப் புடிக்கும்.

என் கிளாஸ் பசங்களுக்கு நான் எப்பவும் முதல்ல சொல்ற தூதன் கதை எலியா கதைதான். 1 இராஜாக்கள் 19. எலியா பெரிய தீர்க்கதரிசி, ராணி யேசபேல் கொல்லப்போறேன்னு ஆளு அனுப்பிட்டா, மனுஷன் வனாந்தரத்துக்கு ஓடி ஒரு சூரைச்செடி கீழ உக்காந்து 'போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கோ'ன்னு சொல்லிட்டு அப்படியே தூங்கிட்டாரு. வாழ்க்கை வெறுத்துப் போன ஒரு ஆளுகிட்ட தூதன் வந்தா என்ன சொல்லணும்? நாமளா இருந்தா ஒரு மணி நேரம் அட்வைஸ் பண்ணியிருப்போம், விசுவாசம் பத்தலன்னு சொல்லியிருப்போம். அந்தத் தூதன் தட்டி எழுப்பி "எழுந்திருந்து போஜனம்பண்ணு"ன்னு மட்டும் சொல்றாரு. தலைமாட்டுல பாத்தா தழல்ல சுட்ட அடை, ஒரு பாத்திரத்துல தண்ணி. அடைன்னுதான் தமிழ் பைபிள்ல இருக்கு, நான் ஒண்ணும் சேத்துச் சொல்லல! எலியா சாப்பிட்டுட்டு மறுபடி படுத்துட்டாரு, தூதன் திட்டல, ரெண்டாவது தடவையும் வந்து தட்டி எழுப்பி, சாப்பிடு, நீ போக வேண்டிய தூரம் அதிகம்னு சொல்றாரு. சாப்பாடு, தூக்கம், திரும்பச் சாப்பாடு. உபதேசம் ஒரு வரிகூட இல்ல. எங்கம்மா பெரட்டுக்கு, அதான் தோட்டத்துல காலையில ஆஜர் எடுக்கற எடத்துக்குப் போறதுக்கு முன்ன காலையில நாலு மணிக்கு எழுந்து எங்களுக்குச் சோறு பொங்கி வச்சிட்டுப் போவாங்க, இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மண்ணெண்ணெய் அடுப்பு வாசனை வந்துரும்.

இன்னொண்ணு ஆகார் கதை. ஆபிரகாம் வீட்டு வேலைக்காரப் பொண்ணு, எகிப்துல இருந்து வந்தவ, அதாவது ஊரு விட்டு ஊரு வந்து அடுத்தவங்க வீட்டுல உழைக்கற பொம்பளை. எஜமானி கொடுமை தாங்காம வயித்துல புள்ளையோட ஓடிட்டா. ஆதியாகமம் 16ல 'கர்த்தருடைய தூதன்'ங்கற வார்த்தை பைபிள்லயே முதல் தடவையா வருது, யாரைத் தேடி வருதுன்னு பாருங்க, ராஜாவை இல்ல, பூசாரியை இல்ல, தண்ணி ஊத்துக்கிட்ட உக்காந்திருக்கற இந்த வேலைக்காரியை. எங்கேயிருந்து வர்றே, எங்கே போறேன்னு கேட்டாரு. அவ அந்தக் கடவுளுக்கு "நீர் என்னைக் காண்கிற தேவன்"னு பேரு வச்சா. அதே தூதன் அவளை அந்த எஜமானிகிட்டயே திரும்பிப் போயி அடங்கி இருன்னும் சொல்றாரு, அது எனக்கு இன்னைக்கும் உறுத்தற வசனம்தான், நல்லா இருக்குன்னு மூடி மறைக்க மாட்டேன். ஆனா 21ஆம் அதிகாரத்துல அவளைப் புள்ளையோட துரத்தி விட்ட பிறகு, துருத்தியில தண்ணி தீந்து போயி, புள்ள சாகறதைப் பாக்க முடியாம கொஞ்சம் தள்ளி உக்காந்து அழறப்போ மறுபடியும் வானத்துல இருந்து தூதன் கூப்பிடறாரு, கண்ணு தொறந்து பாத்தா ஒரு கிணறு. இந்தக் கதையைத் தோட்டத்துல வளந்த கெழவிங்ககிட்ட சொல்லிப் பாருங்க, யாரும் றெக்கையைப் பத்திக் கேக்க மாட்டாங்க.

இப்போ இரக்கம். பழைய ஏற்பாட்டுல இதுக்கு ரெண்டு மூணு வார்த்தை இருக்கு. 'ஹெசெத்'னு ஒண்ணு, கொடுத்த வாக்கை விடாம கடைசி வரைக்கும் நிக்கற அன்பு, சங்கீதம் 136ல 26 வசனம், ஒவ்வொண்ணும் "அவர் கிருபை என்றுமுள்ளது"ன்னு முடியுதே, அந்தக் கிருபை. இன்னொண்ணு 'ரஹமீம்'. இது 'ரெஹெம்'ங்கற சொல்லோட சேந்தது, ரெஹெம்னா கர்ப்பப்பை. மலேசியாக்காரங்களுக்கு இங்க ஒரு வசதி, மலாய்ல கர்ப்பப்பைக்கு 'ரஹிம்'னுதான் சொல்றோம், 'ரஹ்மாட்' வார்த்தையும் தெரியும், 2023ல கவர்மெண்டு ஆரம்பிச்ச அஞ்சு வெள்ளி சாப்பாட்டுக்கு 'மெனு ரஹ்மா'ன்னு பேரு, எல்லாம் ஒரே வேருல இருந்து வர்ற சொல்லுங்க. தமிழ்ல வேரு இல்லேன்னாலும் அதே நெனப்பு இருக்கு, 'பெத்த வயிறு பத்தி எரியுது'ன்னு சொல்றோம் இல்ல, அதுதான் ரஹமீம். புதிய ஏற்பாட்டுல இயேசு ஜனங்களைப் பாத்து "மனதுருகி"னார்னு வர்ற எடத்துல கிரேக்கத்துல இருக்கற சொல்லுக்கும் குடல், வயிறுதான் மூலம். ஆக இரக்கங்கறது மூளையில யோசிச்சு எடுக்கற முடிவா மட்டும் பைபிள் பாக்கல, வயித்தைப் பெசையற விஷயமாத்தான் பாக்குது.

கிருபைன்னா என்ன இரக்கம்னா என்னன்னு கேட்டா பிரசங்கத்துல ஒரு பதில் சொல்வாங்க, கெடைக்க வேண்டிய தண்டனை கெடைக்காம போனா இரக்கம், கெடைக்கத் தகுதியில்லாத நன்மை கெடைச்சா கிருபை. தப்பு இல்ல, ஞாபகம் வச்சுக்க ஈஸி. ஆனா கிராணி கணக்கு நோட்டு மாதிரி இருக்கு, அதுல வயிறு இல்ல.

கணக்குன்னு வந்ததால மத்தேயு 18ல இயேசு சொன்ன கடன் கதையைச் சொல்லாம விட முடியாது, ஏன்னா தமிழ்ல படிக்கற நம்ம ஊரு ஆளுக்கு இதுல ஒரு குழப்பம் இருக்கு. ஒரு ராஜாகிட்ட வேலைக்காரன் ஒருத்தன் பதினாயிரம் தாலந்து கடன், கால்ல விழறான், ராஜா மனசு எரங்கி மொத்தத்தையும் தள்ளுபடி பண்ணிடறாரு. வெளிய வந்தவன் தன்கிட்ட "நூறு வெள்ளிப்பணம்" கடன்பட்ட கூட்டாளியைப் பாத்து தொண்டையை நெரிக்கறான், ஜெயில்ல போடறான். வெள்ளின்னு படிச்ச ஒடனே நம்ம பசங்க நூறு ரிங்கிட்டுனு நெனச்சுக்கறாங்க, நூறு வெள்ளிக்காடா கழுத்தைப் புடிச்சான்னு சிரிக்கறாங்க. அது தெனாரியம், ஒண்ணு ஒரு நாள் கூலி. அப்போ நூறு தெனாரியம்னா நூறு நாள் கூலி, மூணு நாலு மாசச் சம்பளம், அது சின்னக் காசு இல்ல, யாருக்கும் வலிக்கும். நம்ம கணக்குல போட்டுப் பாருங்க, 2025 பிப்ரவரியில இருந்து குறைஞ்சபட்ச சம்பளம் 1,700 வெள்ளி, மாசம் 26 நாள்னு வச்சா நாளுக்கு 65 வெள்ளி சொச்சம், நூறு நாளுக்கு 6,500. சரி, தாலந்து எவ்ளோ? ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம். பதினாயிரம் தாலந்துன்னா ஆறு கோடி நாள் கூலி. அதே 65 வெள்ளியில பெருக்குனா 390 கோடி வெள்ளி, அதாவது கிட்டத்தட்ட 3.9 பில்லியன்! வருஷத்துக்கு 300 நாள் வேலை செஞ்சாலும் ரெண்டு லட்சம் வருஷம் ஆகும் அடைக்க. இயேசு வேணும்னேதான் இவ்ளோ பெரிய நம்பர் சொல்லியிருக்காரு, கேட்டவங்க சிரிச்சிருப்பாங்கன்னு நெனைக்கிறேன், சிரிச்சிட்டு அப்புறம் வாயை மூடியிருப்பாங்க. ஆலோங்குக்கு, அதான் சட்டவிரோதமா வட்டிக்கு விடறவங்களுக்குப் பயந்து நைட்டோட நைட்டா வீடு மாறுன குடும்பங்களை எங்க தாமான்லயே பாத்திருக்கேன், அந்த மாதிரி ஒரு ஆளுக்கு ஒரு நாள் காலையில கடன் இல்லன்னு சொன்னா எப்படி இருக்கும், அவனே அன்னைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டுனா எப்படி இருக்கும்.

இரக்கமும் தூதரும் ஒரே எடத்துல வர்றது எங்கன்னு பாத்தா யாத்திராகமம் 25. உடன்படிக்கைப் பெட்டிக்கு மேல மூடி மாதிரி ஒண்ணு, பேரு கிருபாசனம், பசும்பொன்னுல பண்ணணும், இரண்டரை முழம் நீளம் ஒன்றரை முழம் அகலம், இப்போ அளவுல 110க்கு 65 சென்டிமீட்டர் சொச்சம், நம்ம வீட்டு ஹால்ல இருக்கற கோப்பி மேஜை சைஸ். ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு கேருபீன், செட்டையை விரிச்சு, ஒருத்தரை ஒருத்தர் பாத்த மாதிரி, ஆனா ரெண்டு பேரு மொகமும் கிருபாசனத்தை நோக்கி. பெட்டிக்குள்ள கல் பலகையில கட்டளைங்க, செய்யாதே செய்யாதேங்கற சட்டம். அதுக்கு மேல மூடியா கிருபாசனம். வருஷத்துக்கு ஒரு தடவை பிரதான ஆசாரியன் அங்க ரத்தம் தெளிச்சு ஜனங்களோட பாவத்துக்கு நிவிர்த்தி பண்ணுவாரு. கடவுள் 'நான் உன்னைச் சந்திச்சுப் பேசற எடம் இதுதான்'னு மோசேகிட்ட சொல்றாரு. தங்கத்துல தூதரைச் செய்யச் சொன்னவரு அவங்க பார்வையை எங்க வைக்கச் சொன்னாருன்னு மட்டும் பாத்தா போதும். புதிய ஏற்பாட்டுல 1 பேதுரு 1:12ல இந்த ரட்சிப்பு விஷயத்தைத் தேவதூதரும் உத்துப் பாக்க ஆசையா இருக்காங்கன்னு வர்றப்போ எனக்கு அந்த ரெண்டு தங்க மொகம்தான் ஞாபகம் வரும்.

இனி பிசாசு பக்கம். லோரி அண்ணன் இதுக்குத்தான் காத்திருப்பாரு.

சாத்தான்ங்கறது எபிரேயத்துல 'எதிராளி', கோர்ட்டுல குத்தம் சாட்டறவன். யோபு புஸ்தகத்துல அந்தச் சொல்லு ஒரு பதவிப் பேரு மாதிரியே வருது, கடவுள் சபைக்கு வந்து நின்னு, இந்த யோபு சும்மாவா உம்மைக் கும்பிடறான், குடுத்ததைப் பறிச்சுப் பாரும் அப்போ தெரியும்னு சொல்றான், நம்ம கோர்ட்டு டிபிபி, அதான் அரசாங்க வக்கீல் மாதிரி. கிரேக்கத்துல 'தியாபொலோஸ்', பழி சொல்றவன். வெளிப்படுத்தல் 12:10ல அவனை ராத்திரியும் பகலும் நம்ம சகோதரர் மேல குத்தம் சொல்லிட்டிருக்கறவன்னே எழுதியிருக்கு. பேய்னா மரத்துல தொங்கும், வாழைத்தோப்புல வெள்ளைச் சேலையில நிக்கும்னு நெனச்சு வளந்த நமக்கு இது கொஞ்சம் ஏமாத்தமாத்தான் இருக்கும், ஆனா யோசிச்சுப் பாத்தா இதுதான் பயமா இருக்கு. சகரியா 3ல பாருங்க, யோசுவான்னு ஒரு பிரதான ஆசாரியன், அழுக்குத் துணியோட தூதன் முன்னாடி நிக்கறாரு, வலது பக்கம் சாத்தான் நின்னுகிட்டு குத்தம் சாட்டறான். குத்தம் பொய்யா? இல்லியே, துணி நெஜமாவே அழுக்குதான். ஆனா பதில் என்ன வருது, இவன் நெருப்புல இருந்து இழுத்தெடுத்த கொள்ளிக்கட்டை இல்லையான்னு கேட்டு, அந்த அழுக்குத் துணியைக் கழட்டி நல்ல துணி போட்டு விடச் சொல்றாங்க. சாத்தான் அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல. இரக்கம்னா குத்தம் இல்லன்னு சொல்றது கெடையாது, அழுக்கைப் பாத்துட்டு துணி மாத்தி விடறது. நிஜமான குத்தத்தை எடுத்து வச்சு ஒரு ஆளை எழுந்திருக்க விடாம அடிக்கறது எதிராளி வேலை, அந்த வேலையை எங்க சர்ச்சு ஆண்ட்டிங்க சில பேரு பிசாசை விட நல்லாவே செய்வாங்கன்னு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.

லூசிபர்னு ஒரு பேரு சினிமால எல்லாம் வருதே, அது தமிழ் பைபிள்ல தேடுனா கெடைக்காது. ஏசாயா 14:12ல "அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே"ன்னு இருக்கும், லத்தீன்ல விடிவெள்ளிக்கு லூசிபர்னு சொல்லு, அங்க இருந்து வந்தது. அந்த அதிகாரம் பாபிலோன் ராஜாவைப் பத்திப் பாடற பாட்டு, பிற்காலத்துல வந்தவங்க அதைச் சாத்தான் விழுந்த கதையாவும் படிச்சாங்க. தூதருங்க பாவம் செஞ்சு தள்ளப்பட்டதைப் பத்தி யூதா நிருபத்துலயும் 2 பேதுருலயும் ஒரு வரி ரெண்டு வரிதான், வெளிப்படுத்தல் 12ல மிகாவேல் சண்டை. அவ்ளோதான். நமக்குத் தெரிஞ்ச பெரிய கதை எல்லாம் பிற்பாடு ஆளுங்க சேத்துச் சொன்னது.

பழைய ஏற்பாட்டுல பேய் ரொம்பக் கம்மி. இயேசு வந்த பிறகு மத்தேயு, மாற்கு, லூக்கா மூணுலயும் பேய் வெரட்டற சம்பவம் நெறைய, ஆனா யோவான் சுவிசேஷத்துல ஒண்ணுகூட இல்ல. இருக்கற சம்பவங்கள்ல எப்படி ஆரம்பிக்குதுன்னு பாருங்க. கானானியப் பொம்பளை ஒருத்தி பின்னாடியே ஓடி வந்து 'எனக்கு இரங்கும், என் மகள் பிசாசினால வேதனைப்படறா'ன்னு கத்தறா. மகள் படற வேதனைக்கு 'எனக்கு இரங்கும்'னு கேக்கறா, பெத்த வயிறு. மத்தேயு 17ல ஒரு அப்பா முழங்கால் போட்டு 'என் மகனுக்கு இரங்கும்'னு கேக்கறாரு, பையன் நெருப்புலயும் தண்ணியிலயும் விழுந்துடறான்னு. பிசாசு என்ன ஜாதி, எந்த மரத்துல இருந்து வந்துச்சு, யாரு ஏவிவிட்டான்னு யாரும் விசாரிக்கல, இயேசுவும் கேக்கல.

இங்க ஒண்ணு சொல்லியாகணும், மனசுல ரொம்ப நாளா இருக்கறது. மத்தேயு 4:24ல இயேசுகிட்ட கொண்டு வந்தவங்க லிஸ்ட்டு இருக்கு, பிசாசு புடிச்சவங்க, சந்திரரோகிங்க, திமிர்வாதக்காரங்கன்னு தனித்தனியா. சந்திரரோகம்னா நாம காக்கா வலிப்புன்னு சொல்றதுதான்னு பெரும்பாலும் சொல்றாங்க. அதாவது ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி எழுதுனவங்களே எல்லா நோயும் பேய் இல்லன்னு பிரிச்சுத்தான் எழுதியிருக்காங்க. எங்க மாமா ஒருத்தரு பால் வெட்டிட்டிருக்கும்போது நெரையிலயே இழுத்துக்கிட்டு விழுவாரு. பேய்தான்னு முடிவு பண்ணி ஒரு ஊழியக்காரரு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து முடியைப் புடிச்சு, தரையில அமுக்கி, காதுல கத்தி ஜெபம் பண்ணுவாரு, மாமா வெளிய தலை காட்டவே வெக்கப்பட்டு வீட்டுக்குள்ளயே கெடந்தாரு, ரெண்டு வருஷம். கடைசியில தோட்டத்துல மருந்து கொடுக்கற டிரசர்தான் எங்க தாத்தாவைப் புடிச்சுத் திட்டி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வச்சாரு, மாத்திரை கொடுத்தாங்க, மாமா அப்புறம் கல்யாணம் பண்ணி பேரப்புள்ள எடுத்துட்டாரு. ஜெபம் பண்ணாதீங்கன்னு சொல்லல, நானும் பண்றேன், மாத்திரையையும் போடுங்க. ஆனா அந்த வெள்ளிக்கிழமைங்கள்ல அந்த வீட்டுல இரக்கம்னு ஒண்ணு இருந்ததா எனக்கு ஞாபகம் இல்ல, சத்தம்தான் இருந்துச்சு.

அதே மாதிரி பக்கத்து வீட்டுக்காரங்க சாமியைப் பிசாசுன்னு சொல்றது. தோட்டத்துல முனியாண்டி கோயிலும் சர்ச்சும் ஒரே மண்ரோட்டுல இருக்கும், திருவிழா சோத்தை ரெண்டு பக்கமும் சாப்பிட்டுத்தான் வளந்தோம். யாரை வணங்கறதுங்கறதுல கிறிஸ்தவங்களுக்குத் தெளிவான நிலைப்பாடு இருக்கு, அதை நான் மறைக்கல. ஆனா யூதா 9ஆம் வசனத்தைப் படிங்க, பிரதான தூதனான மிகாவேல் சாத்தான் கூடவே வாக்குவாதம் பண்றப்போகூட அவனைத் தூஷிக்கத் துணியல, 'கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக'ன்னு சொல்லி நிறுத்திக்கிட்டாரு. சாத்தான்கிட்டயே வாயை அளந்து பேசுனவரு மிகாவேல், நாம மைக் வச்சுகிட்டு அடுத்தவன் கும்பிடற சாமியைத் திட்டறோம்.

தூதர், மனுஷன் ரெண்டு பேரையும் ஒரே வரியில நிறுத்தற வசனம் ஒண்ணு இருக்கு, எபிரேயர் 2:16, "அவர் தேவதூதருக்கு உதவியாகக் கைகொடாமல், ஆபிரகாமின் சந்ததிக்கு உதவியாகக் கைகொடுத்தார்." விழுந்த தூதருக்கு மீட்புன்னு பைபிள் எங்கயும் சொல்லல, விழுந்த மனுஷனுக்குத்தான் கை நீளுது. ஏன்னு காரணம் எழுதல. யாக்கோபு 2லயும் இதே மாதிரி, 13ஆம் வசனத்துல நியாயத்தீர்ப்பை விட இரக்கம் மேலன்னு வருது, ஆறு வசனம் தள்ளி 19ல பிசாசுங்களும் விசுவாசிச்சு நடுங்குதுங்கன்னு வருது. கடவுள் இருக்காருன்னு பிசாசுக்கும் தெரியும், தெரிஞ்சும் நடுக்கம்தான் மிச்சம். இரக்கம் காட்டறது மட்டும் அதுங்களுக்கு வராத வேலை.

கடைசியா மாற்கு 5, லேகியோன் கதை. எங்க கிளாஸ்ல இதை லேகியம்னே கேட்டுட்டு தீபாவளி லேகியமான்னு ஒரு பையன் கேட்டான், அதுல இருந்து அவனுக்குப் பட்டப்பேரே லேகியம். லேகியோன்னா ரோமாபுரிப் படைப் பிரிவு, அஞ்சாயிரம் வீரருங்க சொச்சம். கடலுக்கு அக்கரையில கல்லறைங்க நடுவுல ஒருத்தன், சங்கிலியால கட்டுனாலும் அறுத்துருவான், ராத்திரி பகலா கத்திகிட்டு கல்லால தன்னையே கிழிச்சிக்குவான். பேரு கேட்டா லேகியோன்ங்கறான், நாங்க நெறைய பேருங்கறான், தன் பேருகூட அவன்கிட்ட இல்ல. பிசாசுங்க பன்னிக் கூட்டத்துக்குள்ள போகக் கேட்டு, சுமார் ரெண்டாயிரம் பன்னி மேட்டுல இருந்து கடல்ல பாஞ்சு செத்துப் போகுது. எல்லாருக்கும் பன்னிதான் ஞாபகம் இருக்கும், பன்னிக்காரனுக்கு நஷ்டஈடு யாரு கொடுப்பான்னு கிளாஸ்ல வருஷா வருஷம் கேள்வி வரும், நல்ல கேள்விதான், கதையில பதில் இல்ல. ஆனா 15ஆம் வசனத்தைப் பாருங்க, ஊரு ஜனம் ஓடி வந்து பாக்கறாங்க, அந்த ஆளு துணி உடுத்தி, உக்காந்து, புத்தி தெளிஞ்சு இருக்கான், அதைப் பாத்துத்தான் அவங்க பயந்தாங்களாம். கத்திகிட்டு இருந்தப்போ சங்கிலி போட்டுப் பழகிட்டாங்க, தெளிஞ்சு உக்காந்திருக்கறவனை என்ன பண்றதுன்னு தெரியல. இயேசுவை ஊரை விட்டுப் போயிருங்கன்னு கேட்டுக்கறாங்க.

அவரும் படகு ஏறிட்டாரு. அந்த ஆளு நானும் கூட வர்றேன்னு கெஞ்சறான், அவரு விடல, உன் வீட்டுக்குப் போயி "கர்த்தர் உனக்கு இரங்கி, உனக்குச் செய்தவைகளையெல்லாம்" உன் ஆளுங்ககிட்ட சொல்லுன்னு அனுப்பறாரு. பிசாசு எத்தனைன்னு சொல்லு, எப்படிக் கத்துச்சுன்னு சொல்லுன்னு சொல்லல, இரங்குனதைச் சொல்லச் சொன்னாரு. அவன் தெக்கப்போலி நாடு முழுக்கப் போயி சொன்னான், அதோட அவனைப் பத்தி மாற்கு ஒண்ணும் எழுதல. ரெண்டு அதிகாரம் தள்ளி 7:31ல இயேசு மறுபடியும் அதே தெக்கப்போலி பக்கம் வர்றாரு. இந்தத் தடவை போயிருங்கன்னு யாரும் சொல்லல, காது கேக்காத, வாய் திக்கற ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து, இவரு மேல கை வைங்கன்னு கெஞ்சறாங்க. யாரு போயி அவங்ககிட்ட என்ன சொல்லியிருப்பான்னு மாற்கு எழுதல, எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு.